நனையாத மாலுமி

சலே துறை வரும்வரை ‘தங்க அன்னம்’ மற்ற ஸ்டீமர்களைப் போல ஒரு ஸ்டீமர்தான். விறகு தின்னும், புகை கக்கும், இரண்டு பக்கத்துத் துடுப்புச் சக்கரங்களும் சளார் சளார் என்று அடிக்க, பர்மாவின் ஐராவதி ஆற்றை எதிர்த்து மேலே ஏறும். மேல்தளம் முழுக்கக் கடைகள். பட்டு, பானை, கொசுவலை, சுருட்டு, வெங்காயம், மீனைப் புளிக்கவைத்து இடித்த நாப்பி, எது வேண்டும் சொல்லுங்கள், அங்கே உண்டு. துறைக்குத் துறை சங்கு ஊதும். ஊர்ஜனம் ஓடிவந்து ஏறும், பேரம் பேசும், சண்டை போடும், வாங்கிக்கொண்டு இறங்கும். கம்பெனி அந்தக் கப்பலுக்கு வைத்த பெயர் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியுடையது. அதைச் சொல்லி நாக்கைச் சுளுக்கிக்கொள்ளக் கடைக்காரிகளில் ஒருத்தியும் தயாராக இல்லை. ‘தங்க அன்னம்’ அவர்களாக வைத்துக்கொண்ட பெயர்.

சலேயில் மாலுமி கோ தா துன் ஏறினாரோ இல்லையோ, அதே கப்பல் கல்யாண வீடாகிவிடும்.

ஐராவதியில் மணல் இன்றைக்கு இங்கே கிடக்கும், நாளைக்கு அங்கே கிடக்கும். அதனால் ஆற்றின் ஒவ்வோர் எல்லைக்கும் அங்கத்து நீரோட்டம் தெரிந்த ஒரு மாலுமி உண்டு. தன் எல்லை தொடங்குகிற துறையில் ஏறிச் சுக்கானைப் பிடிப்பார், முடிகிற துறையில் இறங்கிவிடுவார். கோ தா துன்னின் எல்லை சலேயிலிருந்து பக்கோக்கூ வரை. ஏறின கையோடு சுக்கான் கூண்டுக்குப் போகிற வழக்கம் அவருக்கு இல்லை. முதலில், ஊறவைத்துத் தின்கிற ஊறல் தேயிலை விற்கிற மா சோ யின்னின் கடைக்குப் போய், தேவையே இல்லாமல் ஒரு பொட்டலம் வாங்குவார். அப்புறம், “என்ன, எப்ப எங்க வீட்டுக்கு வர்றே?” என்று கேட்பார். அவள், “தேயிலை நல்லா ஊறியிருக்கு, சாப்பிடுங்க” என்பாள். மூன்று வருஷமாக இதே கேள்வி, இதே பதில். அவர் வீட்டில் எத்தனை பொட்டலம் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறதோ, யார் கண்டது.

அவளுக்கு அவரைப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிடித்துத்தான் தொலைத்திருந்தது. சலே நெருங்குகிற அன்று விடியற்காலையிலேயே முகத்துக்குத் தனக்கா மரச்சாந்து வழக்கத்தைவிட ஒரு பூச்சு கூடுதலாக ஏறும். தலையில் பூ ஏறும். நிறுத்த தேயிலையையே மறுபடி நிறுப்பாள். ஆனால் கல்யாணம் என்றால் கப்பலை விட்டு இறங்கவேண்டும், பக்கோக்கூவில் அவர் அம்மாவின் அடுப்பங்கரையில் போய் உட்காரவேண்டும். அக்கா வீட்டில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஏறிய கப்பல் இது. சொந்தமாக ஒரு கடை, சொந்தமாக ஒரு தராசு, கடைக்குப் பின்னால் படுக்க ஒரு பாய். ப்ரோமிலிருந்து மண்டலே வரை இரண்டு கரையிலும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது. இறங்கிவிட்டால் அப்புறம் தான் யார் என்பது அவளுக்கே விளங்கவில்லை.

இந்தத் தடவை அவர் ஏறியபோது திஞ்சான் தண்ணீர்த் திருவிழா தொடங்கிவிட்டிருந்தது. கரையிலும் கப்பலிலும் சம்பான் படகிலும், பார்த்த இடமெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊற்றினால் ஊற்றினதுதான், யாரும் யார் மேலும் கோபப்படக் கூடாது. வானத்திலிருந்து தேவராஜாவே இறங்கி வந்து பார்த்துக்கொண்டிருக்கிற நாளில் யாருக்குக் கோபப்படத் தைரியம் வரும்? ஆனால் கோ தா துன் அன்று தேயிலை வாங்கவில்லை. முகம் சரியாக இல்லை.

“சோ யின், அம்மா பொண்ணு பாத்துட்டாங்க.”

அவள் கையிலிருந்த இலைப் பொட்டலம் தராசுத் தட்டில் விழுந்தது. “யாரு?”

“புகையிலைக் கிடங்குக்காரர் மக. நாளைக்குப் பக்கோக்கூ துறையில வெள்ளிக் கிண்ணத்துல தண்ணியோட அம்மா பக்கத்துல நிப்பா. அவ தண்ணி என் தோள்ல விழுந்துச்சுன்னா பேச்சு முடிஞ்சுது.”

“அதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?”

“அதுக்கு முன்னாடி உன் தண்ணி விழுந்துச்சுன்னா அந்தப் பேச்சே கிடையாது. அம்மாகிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். நீ வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல வேணாம். ஊத்தினா சரி. ஊத்தலைன்னா, ஊத்தலை. அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஏணியேறிக் கூண்டுக்குப் போய்விட்டார்.

பக்கத்து நாப்பிக் கடை டோ மே கின்னுக்குக் காது கொஞ்சம் மந்தம். தலைக்கு மேலே சங்கு ஊதினாலும் “என்னது?” என்று கேட்கிறவள். இந்தப் பேச்சு மட்டும் அவளுக்கு ஓர் எழுத்து பிசகாமல் கேட்டிருந்தது. கப்பல் சலே துறையை விட்டு நகர்வதற்குள் பட்டுக்கடை முதல் பானைக்கடை வரை செய்தி போய்ச் சேர்ந்து, திரும்பியும் வந்துவிட்டது.

“அடியே, ஒரு சிக்கல் இருக்கே,” என்றாள் டோ மே கின் திடீரென்று. “ஊரே தண்ணி ஊத்துற நாள். வேற எவளாச்சும் அவன் மேல ஊத்தித் தொலைச்சுட்டா?”

கடைக்காரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் என்ன, அன்று ஐராவதியில் யாரும் கேட்டிராத ஒரு காவல் தொடங்கியது. கப்பலே சொட்டச் சொட்ட நனைந்து கிடக்க, நடுவில் ஒரே ஒரு மனுஷன் மட்டும் காய்ந்த கைலியோடு உலவினார். அவர் கூண்டை விட்டு இறங்கினால் முன்னால் ஒரு குடை, பின்னால் ஒரு குடை. சாப்பிடப் போனால் பானைக்கடைக்காரிகள் நாலு பேர் சுவராக நின்றார்கள். ஞாவுங்-ஊ துறையில் ஊர்ப் பெண்கள் மூங்கில் பீச்சாங்குழல்களோடு கும்பலாக ஏறி, “மாலுமி எங்க? மாலுமி எங்க?” என்று கத்திக்கொண்டு வந்தார்கள். டோ மே கின் நாப்பிப் பானையைத் தூக்கிக்கொண்டு வழியில் நின்றாள்.

“ஒரு அடி எடுத்து வச்சீங்க, இதான் தலையில! மூணு மாசம் நாறும்!”

அவர்கள் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள்.

மா சோ யின்னின் நிலைமைதான் பரிதாபம். கடை ஓரத்தில் அவளுடைய குடிதண்ணீர்ப் பானை இருந்தது. தாகத்துக்கு அவள் அதைத் தொட்டால் போதும், பேரம் பேசுகிற வாயெல்லாம் மூடிக்கொள்ளும். மேல்தளம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கையையே பார்க்கும். அவள் ஒரு குவளை மொண்டு குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டதும், “சே!” என்று மொத்தக் கப்பலும் சலித்துக்கொள்ளும்.

“குடிக்கிறதுக்கு இவ்வளவு கூட்டமா? போய் வேலையைப் பாருங்கடி!” என்று கத்தினாள்.

“நீ ஊத்து, நாங்க போறோம்,” என்றாள் பட்டுக்கடைக்காரி.

“என் கடை மேல கண்ணு வச்சிருக்கியா? நான் இறங்கிட்டா இந்த இடத்தை வளைச்சுப் போடலாம்னுதானே பாக்குற?”

“ஆமா, இந்த ஊறல் நாத்தத்துக்கு நடுவுல பட்டை விரிச்சு வச்சா யாரு வாங்குவா? ஊத்துடின்னா!”

பொழுது சாய்ந்ததும் கப்பல் வழக்கம்போல நங்கூரம் போட்டது. பானைத் தண்ணீர் பானையிலேயே இருந்தது. அவள் பாயில் புரண்டு புரண்டு படுத்தாள். அழுகையும் வந்தது, அதற்கு நடுவே டோ மே கின் நாப்பிப் பானையோடு நின்ற கோலம் நினைவுக்கு வந்து சிரிப்பும் வந்தது.

மறுநாள் காலையில்தான் புதுத் துரை காரியத்தைக் கெடுத்தார்.

கப்பலின் கேப்டனான அந்தத் துரை சீமையிலிருந்து வந்து ஒரு கோடைகூட முழுசாக முடியவில்லை. சிவந்த மூஞ்சி, விறைத்த வெள்ளை உடுப்பு, எதற்கெடுத்தாலும் கைக்கடியாரம். அன்று காலை அவர் கடைகளைச் சுற்றிப் பார்க்க வந்தபோது பட்டுக்கடைக்காரி குனிந்து கும்பிட்டு, “துரைக்கு ஊத்தலாமா?” என்று மரியாதையாகக் கேட்டாள். என்ன கேட்கிறாள் என்று புரியாமல் அவர் தலையை ஆட்டிவிட்டார். அவ்வளவுதான், எட்டுத் திக்கிலிருந்தும் வந்து விழுந்தது. துரை கொஞ்சநேரம் மூச்சு வாங்கிக்கொண்டு மரம் மாதிரி நின்றார். எல்லோரும் பயந்துபோனார்கள். பிறகு அவர் வயிறு குலுங்கியது, தோள் குலுங்கியது, மனுஷன் வாய்விட்டுச் சிரித்தாரே ஒரு சிரிப்பு! துரைக்குப் பல்வரிசை இருக்கிற விஷயமே கப்பலுக்கு அன்றுதான் தெரிந்தது.

சிரித்ததோடு விட்டாரா? தளம் கழுவுகிற வாளியைத் தூக்கிக்கொண்டார். சுருட்டுக்கடைக்காரிக்கு ஒரு வாளி, வெங்காயக்காரிக்கு ஒரு வாளி. தலை கால் புரியவில்லை அவருக்கு. இன்னும் யார் காய்ந்திருக்கிறார்கள் என்று தேடினார். கப்பல் பூராவும் தேடி அண்ணாந்து பார்த்தார். கூண்டுக்குள்ளே, சுக்கானைப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த சட்டையோடு ஒருத்தர்!

துரை வாளி நிறைய மொண்டுகொண்டு பூனைபோல ஏணியில் ஏறினார்.

“ஐயையோ! துரை! வேணாம்!” கடைக்காரிகள் அலறினார்கள். “அவர் மேல ஊத்தாதீங்க! மத்தவங்க எல்லாரும் இருக்கோம்ல!”

துரைக்கு அவர்கள் பாஷை அரைகுறை. உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக் கையை ஆட்டினார். அவரைத் தடுக்க எல்லோரும் ஏணி இருக்கிற வலப்பக்கத்துக்கு ஓடினார்கள். மா சோ யின்னும் ஓடினாள். இடுப்பில் என்னமோ இடித்ததே என்று பார்த்தால் தண்ணீர்ப் பானை. அதை எப்போது தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

சளேர் என்று ஒரு வாளித் தண்ணீர் கோ தா துன்னின் முதுகில் விழுந்தது.

அவர் ஒரு கணம் அசையவில்லை. பிறகு சுக்கானை விட்டார். இரண்டு கையையும் தூக்கினார். “ஊத்திட்டா! ஊத்திட்டாடா!” என்று ஆறு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே திரும்பினார். அந்த முகத்தை மா சோ யின் ஏணியடியிலிருந்து பார்த்தாள். முப்பத்தைந்து வயசு ஆம்பிளை, மழையில் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி துள்ளினார். மறுகணம் காலி வாளியோடு நிற்கிற துரையின் சிவந்த மூஞ்சியைப் பார்த்தார். மாலுமியின் முகம் சட்டென்று விழுந்ததையும் அவள் பார்த்தாள்.

இதற்குள் முன்தளத்தில் நின்று மூங்கில் கழியால் ஆழம் பார்க்கிற, சிட்டகாங்கைச் சேர்ந்த ஓலி மியா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். “குறையுது! குறையுது! யாராச்சும் கேக்குறீங்களா? குறையுதுய்யா!”

யார் கேட்டது? கூட்டம் முழுக்க வலப்பக்கம் சாய்ந்ததில் கப்பலும் சாய்ந்தது. வலப்பக்கச் சக்கரம் தண்ணீருக்குள் ஆழமாக முழுகித் திணற, இடப்பக்கச் சக்கரம் பாதி வெளியே வந்து காற்றை அடித்தது. பிடிக்க ஆளில்லாத சுக்கான் தன்பாட்டுக்குச் சுற்றியது. ‘தங்க அன்னம்’ முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராகப் போய் மணல்திட்டில் ஏறி, ஒரு முனகலோடு உட்கார்ந்தது. வெங்காயக்கடை சரிந்து தளமெல்லாம் வெங்காயம் உருண்டது.

ஓலி மியா கழியைத் தூக்கிப் போட்டார். “நான் அப்பவே சொன்னேன்.”

யார் மேலும் யாரும் கோபப்பட முடியவில்லை. துரை தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கோ தா துன்னிடம் போய், தனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில் சொன்னார். “மன்னிச்சுக்கோ மாலுமி. நீ ஒருத்தன் மட்டும் காஞ்சு இருந்தே. பாக்கப் பாவமா இருந்துச்சு.”

இத்தனை வருஷத்தில் கோ தா துன் கையில் கப்பல் தரை தட்டினது கிடையாது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

கடைக்காரிகளுக்கோ வேறு கவலை.

“இப்ப துரை தண்ணி விழுந்துருச்சே. இது கணக்குல வருமா?”

“துரை ஊத்தினா துரையையா கட்டிக்க முடியும்?” என்றாள் டோ மே கின். “ரெண்டு பொம்பளைங்க தண்ணிக்குத்தான் பேச்சு. இது சும்மா மழை பெஞ்ச மாதிரி. காய வச்சுட்டா சரியாப் போயிரும்.”

அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் ஓடினார்கள். பட்டுக்கடைக்காரி மாம்பழ நிறத்தில் ஒரு புதுப் பட்டுக் கைலி கொண்டுவந்தாள், விற்காமல் கிடந்தது என்று சொல்லிக்கொண்டே. ஒருத்தி சட்டை கொடுத்தாள், ஒருத்தி தலையைத் துவட்டினாள். கப்பலில் நனையாத இடம் மா சோ யின் கடைப் பந்தலுக்குக் கீழேதான் இருந்தது என்று சொல்லி, அவரைக் கொண்டுவந்து அங்கே உட்காரவைத்துவிட்டு விலகிப் போனார்கள். விலகி என்றால், பேசுவது காதில் விழுகிற தூரத்துக்கு.

மா சோ யின் பானையைக் கீழே வைத்தாள். அவரைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

“அவ்வளவு சந்தோஷமா உங்களுக்கு?” என்றாள் மெதுவாக.

“எதைக் கேக்குறே?”

“மூஞ்சியைப் பாத்தேன்.”

அவர் காதெல்லாம் சிவந்தது. “துரை மூஞ்சியைப் பாத்தப்புறம் அது போயிருச்சு.” சற்றுப் பொறுத்து, “சோ யின், உனக்கு என்ன பயம்னு எனக்குப் புரியாம இல்லை. நான் வீட்டுல உனக்குத் தொந்தரவாவே இருக்க மாட்டேன். நான் எங்க வீட்டுல இருக்கேன்? மேல போற கப்பல், கீழ போற கப்பல், நடுவுல சலேயில அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடக்கிறது. முக்காவாசி நாள் வீட்டுல இருக்கவே மாட்டேன்.”

“அப்ப அந்த வீட்டுல நான் யாருக்குப் பொண்டாட்டி? உங்க அம்மாவுக்கா?”

பின்னாலிருந்து டோ மே கின் சிரித்த சிரிப்பில் நாப்பிப் பானை ஆடியது. கோ தா துன்னுக்கு அவள் கேட்டதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. கைலி நுனியைத் திருகிக்கொண்டு எழுந்தார்.

“எனக்கு வேற எப்படிக் கேக்குறதுன்னு தெரியலை. பொழுது போறதுக்குள்ள கப்பலை எடுக்கணும்.”

அவர் போனபிறகும் அவள் சொன்ன வார்த்தை அவள் காதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் இல்லாத வீட்டுக்குப் போவதற்கா இத்தனை நாளாகப் பயந்து செத்தாள்? அவர் நிச்சயமாக இருக்கிற இடம் பூமியிலேயே ஒன்றுதான், அது இந்தக் கப்பல். சலேயிலிருந்து பக்கோக்கூ வரை. அவளுக்குத் திடீரென்று உடம்பெல்லாம் பரபரத்தது.

சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்தார்கள். சேறுதான் கலங்கியது. துரை கைக்கடியாரத்தைப் பார்த்தார், அதற்குள்ளும் தண்ணீர். அப்போதுதான் கோ தா துன் ஏணியின் பாதியில் நின்று சத்தம் போட்டார்.

“கூட்டம் சாஞ்சுதானே கப்பல் ஏறுச்சு? கூட்டமே இறக்கட்டும்! எல்லாரும் இடப்பக்கம் ஓடுங்க! நான் கையைத் தூக்கினதும் வலப்பக்கம்! மணல் இளகணும்!”

ஓலி மியா எங்கிருந்தோ ஒரு மேளத்தைக் கொண்டுவந்து தோளில் மாட்டிக்கொண்டார். டும் என்றதும் கடைக்காரிகள், பிரயாணிகள், அடுப்படி ஆட்கள், இரண்டு பன்றிக்குட்டியைக் கக்கத்தில் இடுக்கிய ஒரு விவசாயி, எல்லோரும் கூச்சலோடு இடப்பக்கம் ஓடினார்கள். கப்பல் லேசாகச் சாய்ந்தது. டும்! திரும்ப வலப்பக்கம். வெங்காயம் மேல் கால்வைத்து விழுந்தவர்கள் விழுந்தார்கள், எழுந்தவர்கள் ஓடினார்கள். ஓடுகிற போக்கிலேயே ஆளுக்கு ஒரு குவளை தண்ணீரையும் விசிறிக்கொண்டார்கள். துரை எல்லோருக்கும் முன்னால் ஓடினார். குடை பிடித்துக் கோ தா துன்னைக் காக்கிற இரண்டு பெண்கள் மட்டும் குடையை விடாமல் அவர் ஏணியடியிலேயே நின்றார்கள்.

மா சோ யின் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். சின்னப் பெண்ணாக இருந்தபோதுகூட அப்படி ஓடினதில்லை. மூச்சு முட்டியது, விலா வலித்தது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. பட்டுக்கடைக்காரியும் அவளும் மோதிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். டும்! கப்பல் ஒரு பெரிய உலுக்கு உலுக்கியது. சக்கரங்கள் இரண்டும் தண்ணீரைப் பிடித்தன. ‘தங்க அன்னம்’ மணலை விட்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. துரை ஓலி மியாவைக் கட்டிக்கொண்டார்.

உடனே போய் ஊற்றியிருக்கலாம்தான். ஆனால் கோ தா துன் அதற்குள் கூண்டில் ஏறிச் சுக்கானைப் பிடித்துவிட்டார். இன்னொரு தடவை ‘ஊத்திட்டா’ என்று அவர் சுக்கானை விட்டால் கப்பல் என்ன ஆவது? ஓலி மியாவே கழியை ஓங்கிக்கொண்டு ஏணியடியில் காவல் நின்றார். “இறங்குற வரைக்கும் ஒரு சொட்டு விழக் கூடாது. எவளா இருந்தாலும் சரி!”

பக்கோக்கூ துறை வந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. துறையில் ஊரே நின்றது. முன்வரிசையில் வாயில் சுருட்டோடு ஒல்லியாக ஓர் அம்மாள், அதுதான் கோ தா துன்னின் தாய். பக்கத்தில் புகையிலைக் கிடங்குக்காரரின் மகள், வெள்ளிக் கிண்ணத்தில் வேங்கைப்பூ மிதக்கத் தண்ணீரோடு.

“யாரும் ஊத்தக் கூடாது!” என்று தாய் கூட்டத்தை அதட்டினாள். “முதல் தண்ணி இவளோடது!”

பலகை போட்டார்கள். சுக்கானை ஒப்படைத்துவிட்டுக் கோ தா துன் இறங்கி வந்தார். டோ மே கின் பலகை முனைவரை குடை பிடித்தாள்.

“இதுக்கு மேல குடை வராது தம்பி. எங்க எல்லை இத்தோட சரி,” என்றாள். குடையை மடக்கினாள்.

அவர் மா சோ யின்னின் கடைப்பக்கம் திரும்பவே இல்லை. பலகையில் மெதுவாக நடந்தார். அந்தப் பெண் கிண்ணத்தை உயர்த்தினாள்.

“நில்லுங்க!”

பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மா சோ யின் ஓடிவந்தாள். வழியில் இருந்தவர்களெல்லாம் தாமாகவே விலகினார்கள். பலகையின் நடுவில் அவரைப் பிடித்துவிட்டாள். கீழே ஆறு, முன்னால் கரை, பின்னால் கப்பல்.

“நான் இறங்க மாட்டேன்,” என்றாள் மூச்சு வாங்க.

அவர் முகம் வாடியது.

“முழுசாக் கேளுங்க! அதுக்குள்ள மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க! சலேயிலேருந்து பக்கோக்கூ வரைக்கும் உங்க எல்லை. அந்த எல்லைக்குள்ள நான் உங்க பொண்டாட்டி. அதுக்கு மேலயும் கீழயும் நான் தேயிலைக்காரி. கடைக்குப் பின்னால இன்னொரு பாய் விரிக்க இடம் இருக்கு. சம்மதமா?”

கோ தா துன் யோசித்தார். “அப்ப, நான் கரையில இருக்கிற நாள்ல?”

“கரையில இருக்கிற நாள்ல உங்க அம்மாவுக்குப் பிள்ளை.”

“இதை மூணு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க எப்பவும் ‘எங்க வீட்டுக்கு எப்ப வர்றே’ன்னுதானே கேட்டீங்க? ‘உன் கடைக்கு நான் வரட்டுமா’ன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?”

அவர் அவளைப் பார்த்தபடி நின்றார். மூன்று வருஷமும் அந்த ஒரு பார்வையில் அவருக்குப் புரிந்துபோயிற்று. கண் கலங்கியது. “வரட்டுமா?” என்றார்.

“ஊத்துடி!” என்று மேல்தளம் முழுக்கக் கத்தியது. “ஊத்துடி!” என்று துரையும் அர்த்தம் தெரியாமல் கத்தினார். கோ தா துன் அவளுக்கு முன்னால் தலையைக் குனிந்தார். அவள் பானையைக் கவிழ்த்தாள், கடைசிச் சொட்டுவரை. மாம்பழக் கைலி உடம்போடு ஒட்டிக்கொள்ள அவர் நின்றுகொண்டு சிரித்தார். அவளும் நனைந்தாள், பாதித் தண்ணீர் அவள் மேல்தான் விழுந்தது.

தாய் சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். எல்லோரும் பயத்தோடு அவளையே பார்த்தார்கள்.

“நல்லதாப் போச்சு,” என்றாள். “ஒரு அடுப்புல ரெண்டு பொம்பளை எப்படிடா சமைக்கிறதுன்னு நானும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

புகையிலைக்காரர் மகள் தன் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு பலகையேறி வந்து அதைத் துரையின் தலையில் கவிழ்த்தாள். “பூ போட்டு வாசனையாக் கொண்டாந்தது. வீணாப் போகக் கூடாதில்ல?” என்றாள். அப்புறம் யார் யாருக்கு ஊற்றினார்கள் என்று கேட்காதீர்கள்.

சங்கு ஊதியது. கோ தா துன் கரையில் இறங்கினார், மா சோ யின் கப்பலில் ஏறினாள். பலகையை இழுத்தார்கள். சக்கரங்கள் சுழன்றன. அவர் கரையில் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார், துறை கண்ணுக்கு மறைகிறவரை அவளும் ஆட்டினாள். பிறகு கடைக்குப் போய் ஊறல் தேயிலை அத்தனையையும் பொட்டலம் கட்டி, கல்யாண அழைப்புக்குக் கொடுக்கிற மாதிரி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கொடுத்தாள்.

பக்கோக்கூவில் கடைசியாக ஏறிய ஒரு கிழவி, நடந்தது ஒன்றும் தெரியாமல், பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யாருக்குக் கல்யாணம்?”

“இவளுக்குத்தான். இப்பத்தான் முடிஞ்சுது,” என்றாள் டோ மே கின்.

“மாப்பிள்ளை எங்க?”

“இறங்கிப் போயிட்டார்.”

கிழவி பதறிப்போனாள். மா சோ யின்னின் ஈரமான முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “கல்யாணத்தன்னைக்கேவா? அழாதேம்மா. ஆம்பிளைங்க அப்படித்தான். திரும்பி வந்துருவான்.”

“தெரியும் பாட்டி,” என்றாள் மா சோ யின். “கப்பல் கீழ வரும்போது ஏறுவார்.”